ஒன்றை அழுத்து... ஒன்பது நிமிஷம் காத்திரு!

டெலிபோன் ஆபரேட்டர்களின் வேலைக்கு முதன்முதலில் வேட்டு வைத்த புண்ணியவான் யார் தெரியுமோ? இன்ஜினீயர் இல்லை. விஞ்ஞானியும் இல்லை. இறந்தவர்களைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்து கொடுக்கும் தொழில் நடத்திய ஒரு மனிதர்!

பெயர் ஆல்மன் ஸ்ட்ரவ்ஜர். ஊர் அமெரிக்காவில் கான்ஸாஸ் ஸிட்டி. அந்தக் காலத்தில் போனை எடுத்தால் எக்ஸ்சேஞ்சில் ஓர் அம்மாள் "யார் வேண்டும்?" என்று கேட்பார். பெயரைச் சொன்னால் ஒயரை எடுத்துச் செருகி இணைப்புக் கொடுப்பார். ஊரில் யாராவது மண்டையைப் போட்டால் உறவுக்காரர்கள் ஸ்ட்ரவ்ஜரைத்தான் கேட்பார்கள். ஆனால் மணி அடிப்பதோ போட்டிக் கடையில்! எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாள், போட்டிக் கடைக்காரரின் சம்சாரம் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ... மனிதர் கொதித்துப் போய்விட்டார். "நடுவில் ஆளே வேண்டாம். கூப்பிடுகிறவன் தானே நேராகப் போய்ச் சேரட்டும்" என்று ஒரு மெஷினைக் கண்டுபிடித்து, 1891 மார்ச் 10-ல் பேடன்ட்டும் வாங்கிவிட்டார். அடுத்த வருஷமே இண்டியானா மாநிலத்தில் லா போர்ட் என்ற ஊரில் முதல் ஆட்டோமேடிக் எக்ஸ்சேஞ்ச் ஓட ஆரம்பித்தது. நம் நாட்டிலும் பல ஊர்களில் 'டக டக டக' என்று சப்தம் போட்ட ஸ்ட்ரவ்ஜர் எக்ஸ்சேஞ்சுகள் வெகு காலம் உழைத்திருக்கின்றன.

ஸ்ட்ரவ்ஜரின் கேள்வி ரொம்ப சிம்பிள். நான் கூப்பிட்டால் யார் மேஜையில் மணி அடிக்க வேண்டும்? அதை முடிவு செய்வது யார்?

நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. பதில்தான் மாறிவிட்டது. இன்று பாங்க்குக்கோ, காஸ் கம்பெனிக்கோ, செல்போன் கம்பெனிக்கோ கூப்பிட்டால் யார் மேஜையில் மணி அடிக்க வேண்டும் என்பதை ஒரு ஸாஃப்ட்வேர் முடிவு செய்கிறது. ஸாஃப்ட்வேர் என்ன, தானாகவா முடிவு செய்யும்? அதற்கு யாரோ ஒருவர் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார். அந்த 'யாரோ' என்ன சொல்லிக் கொடுத்தார், சாயங்காலம் அது கொடுக்கும் ரிப்போர்ட்டில் எதைப் பார்த்தார், எதைப் பார்க்காமல் விட்டார்... இதில்தான் நம்முடைய நேரமும் சில சமயம் நம்முடைய பணமும், இன்னும் சில சமயம் உயிரும் அடங்கியிருக்கிறது.

தீபத்தன்று பஸ் எங்கே நிற்கும்?

இதெல்லாம் கம்ப்யூட்டர் சமாசாரம், நமக்கெதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். திருவண்ணாமலைக்காரர்களுக்கு இது தண்ணி பட்ட பாடு.

கார்த்திகை தீபத்தன்று எங்கள் ஊருக்கு வந்து பார்த்திருக்கிறீர்களா? லட்சக்கணக்கில் ஜனம். அத்தனை பஸ்ஸும் ஊருக்குள் இருக்கும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால் என்ன ஆகும்? ஒரு பஸ்ஸும் அசையாது. 2,668 அடி மலை மேல் தீபம் ஏற்றுவதை ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தபடியே பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அதனால் என்ன செய்கிறார்கள்? ஊருக்கு வெளியே ஒவ்வொரு ரோட்டிலும் தற்காலிக பஸ் ஸ்டாண்ட் போடுகிறார்கள். திண்டிவனம், செஞ்சி பக்கத்திலிருந்து வருகிறீர்களா? திண்டிவனம் ரோட்டில் இறங்கிக்கொள்ளுங்கள். வேலூர், போளூரா? வேலூர் ரோடு. பெங்களூரா? செங்கம் ரோடு. விழுப்புரமா? வேட்டவலம் ரோடு. ஒரு ஸ்டாண்ட் நிரம்பிவிட்டால் போலீஸ்காரர் விசில் ஊதி அடுத்த மைதானத்துக்குத் திருப்பி விடுவார்.

கோயிலுக்குள் போனால் அங்கேயும் இதே கதை. தர்ம தரிசனத்துக்கு ஒரு வரிசை, கட்டண தரிசனத்துக்கு ஒரு வரிசை. வி.ஐ.பி. வந்தால்... ஹும், அது எந்த வரிசை என்று அண்ணாமலையாருக்கே வெளிச்சம்!

எங்கிருந்து வருகிறாய், எதற்காக வருகிறாய், உனக்கு என்ன முன்னுரிமை, இடம் நிரம்பினால் எங்கே போவாய்? இந்த நாலு கேள்விதான் கால் சென்டர் ஸாஃப்ட்வேரின் மொத்த ஞானமும்.

அழைப்புகளை இப்படி வரிசையில் நிறுத்தி ஆள் பார்த்துப் பிரித்துக் கொடுக்கும் மெஷினுக்கு ஏ.ஸி.டி. என்று பெயர். விமானக் கம்பெனிகள்தான் இதற்கு ஆதி வாடிக்கையாளர்கள். 1973-ல் கான்டினென்டல் ஏர்லைன்ஸுக்காக ராக்வெல் கம்பெனி செய்து கொடுத்த மெஷின் ரொம்பப் பிரசித்தம். அன்று அது ஓர் அறையை அடைத்துக்கொண்டு நின்றது. இன்று ஒரு லேப்டாப்பில் பாரம் பூர்த்தி செய்கிற மாதிரி வேலை முடிந்துவிடுகிறது.

அந்தப் பாரத்தில் என்ன இருக்கும்?

முதல் கட்டம், வந்திருப்பது எந்த நம்பருக்கு? கடன் வாங்குவதற்கு ஒரு நம்பர், புகார் சொல்வதற்கு வேறு நம்பர் என்று வைத்திருப்பார்கள். (முதல் நம்பரை உடனே எடுப்பார்கள். ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை!)

இரண்டாவது, வேலை நேரமும் லீவு நாளும். மூன்றாவது, நாமெல்லாம் அன்றாடம் அனுபவிக்கும் 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்'. இதற்கு ஐ.வி.ஆர். என்று நாமகரணம். நான்காவது, யாருக்கு என்ன தெரியும் என்ற பட்டியல். இந்தப் பெண்ணுக்குத் தமிழும் இங்கிலீஷும் தெரியும், கிரெடிட் கார்டு விஷயம் அத்துப்படி. அந்தப் பையனுக்கு ஹிந்தி, வீட்டுக் கடன். தமிழில் கார்டு புகார் சொல்ல வந்த அழைப்பு அந்தப் பெண்ணைத் தேடிப் போக வேண்டும். இரண்டு பேர் சும்மா இருந்தால், யார் அதிக நேரம் சும்மா இருக்கிறாரோ அவருக்கு முதலில் மணி அடிக்கும். சோம்பேறிக்கு அந்த உலகத்தில் இடமே கிடையாது!

ஐந்தாவது, யாரும் சும்மா இல்லை என்றால்? எத்தனை வினாடி காத்திருக்க விடுவது, என்ன பாட்டுப் போடுவது, எத்தனை நிமிஷத்துக்குப் பிறகு வேறு ஊர் ஆபீஸுக்குத் தள்ளுவது, 'நாங்களே திரும்பக் கூப்பிடுகிறோம்' என்று எப்போது சொல்வது... எல்லாம் ஒவ்வொரு கட்டம்.

இதில் ஒரே ஒரு கட்டத்தைத் தப்பாக நிரப்பினாலும் வேடிக்கைதான். வடக்கே இருந்துகொண்டு லீவுப் பட்டியல் போடுகிறவருக்கு ஹோலி மறக்காது. மாட்டுப் பொங்கல் ஞாபகம் இருக்குமா? அன்றைக்குத் தமிழ் தெரிந்தவர்களில் பாதிப் பேர் லீவில் இருப்பார்கள். ஸாஃப்ட்வேருக்கு அது தெரியாது. 'தமிழுக்கு மூன்றை அழுத்தவும்' என்று அழகாகச் சொல்லும். அழுத்துவீர்கள். பாட்டுக் கேட்பீர்கள். ஆசை தீரக் கேட்பீர்கள்.

ஒரே ஓர் ஆள்!

'ஆளைக் கூட்டிப் போட்டால் என்னவாம், கஞ்சப்பிசினாறிகள்!' என்று நாம் திட்டுகிறோம் இல்லையா? அந்த ஆள் கணக்கு இருக்கிறதே, அது விசித்திரமான கணக்கு. அதைப் போட்டவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஏ.கே. எர்லாங் என்ற கணித மேதை. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்தவர். 1909-லும் 1917-லும் அவர் எழுதிய கட்டுரைகள்தான் இன்று வரைக்கும் டெலிபோன்காரர்களின் பஞ்சாங்கம்.

ஒரு மணி நேரத்துக்கு 100 அழைப்பு வருகிறது. ஒவ்வொன்றும் பேசி முடிக்க 3 நிமிஷம். ஆக மொத்தம் 300 நிமிஷ வேலை, அதாவது 5 மணி நேர வேலை. எத்தனை பேர் வேண்டும்? "5 பேர்" என்று சொன்னால் மனக்கணக்கில் பாஸ், எர்லாங் கணக்கில் ஃபெயில். அழைப்புகள் என்ன, ரேஷன் கடையில் வரிசையாக வருகிற மாதிரியா வருகின்றன? கொஞ்ச நேரம் ஒன்றுமே வராது. அப்புறம் ஒரே நிமிஷத்தில் ஏழு வந்து விழும். சும்மா இருந்த நேரத்தைச் சேமித்து வைத்துப் பிறகு செலவழிக்க முடியாது. 5 பேரை வைத்தால் வரிசை நீண்டுகொண்டேதான் போகும்.

6 பேர் இருந்தால், ஒருவர் சராசரியாகக் காத்திருக்கும் நேரம் சுமார் 106 வினாடி. 7 பேர் என்றால் 29 வினாடி. 8 பேர் என்றால் வெறும் 10 வினாடி!

கவனித்தீர்களா? ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் ஒரே ஓர் ஆள். காத்திருப்பு நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. இதைத் திருப்பிப் படித்தால் இன்னும் பயமாக இருக்கும். ஒரே ஓர் ஆள் லீவு போட்டால் காத்திருப்பு மூன்று மடங்குக்கு மேல் எகிறிவிடும்! ஆகவே, 'செலவைக் குறைக்கிறேன்' என்று ஒரு மானேஜர் ஒரே ஒரு சம்பளத்தை வெட்டும்போது, நூற்றுக்கணக்கான பேரின் நேரத்தை வெட்டுகிறார். அவருடைய லாப நஷ்டக் கணக்கில் சம்பளம் மிச்சம் என்று வரும். நம்முடைய நேரம் எந்தக் கணக்கிலும் வராது.

வாத்தியாரின் ஒன்பது நிமிஷம்

எங்கள் தெருவில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். கெட்டிக்காரர். ஊரில் பாதிப் பேருக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவர். அவருக்கே ஒரு நாள் காலையில் போன். 'கே.ஒய்.ஸி. முடியவில்லை, இன்றைக்கே கணக்கு முடங்கிவிடும்' என்று ஒருவன் தேனொழுகப் பேசினான். பதற்றத்தில் செல்போனுக்கு வந்த ரகசிய எண்ணைச் சொல்லிவிட்டார். அதை வைத்து அவருடைய கணக்குக்குள்ளேயே புகுந்துவிட்டான் பாவி. 11 மணி 12 நிமிஷத்துக்கு மெஸேஜ். 18,000 ரூபாய் காலி!

வாத்தியார் உடனே உஷாராகி 11.14-க்கு பாங்க்கின் நம்பரை அடித்துவிட்டார். (எந்த பாங்க் என்று கேட்காதீர்கள்.) மொழி தேர்வு செய்யுங்கள். செய்தார். இருப்புத் தொகைக்கு ஒன்று, புதிய கடன் திட்டங்களுக்கு இரண்டு, செக் புத்தகத்துக்கு மூன்று... 'என் பணத்தைத் திருடுகிறான் ஐயா' என்பதற்கு நம்பரே வரவில்லை. கடைசியில் 'இதர சேவைகள்' என்பதை அழுத்தி, அதற்குள் ஒரு பட்டியல் கேட்டு, அப்புறம் சங்கீதம். 11.19-க்கு இரண்டாவது மெஸேஜ். 24,500 ரூபாய்! காதில் இன்னும் சங்கீதம் ஓடிக்கொண்டிருக்கிறது. 11.23-க்கு ஒரு பெண் லைனுக்கு வந்தாள். பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரு நிமிஷத்தில் கணக்கை முடக்கிப் புகார் நம்பரும் கொடுத்துவிட்டாள்.

இப்போது வருகிறது விஷயம். ரிஸர்வ் பாங்க் 2017 ஜூலை 6-ல் எல்லா வணிக வங்கிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. வாடிக்கையாளரே அஜாக்கிரதையாக ரகசிய எண்ணைச் சொல்லிப் பணம் போனால், அவர் புகார் கொடுக்கிற வரைக்கும் போன பணம் அவருடைய நஷ்டம்; புகார் கொடுத்த பிறகு போகும் பணம் பாங்க்கின் நஷ்டம் என்று அதில் தெளிவாக இருந்தது. மோசடியைத் தெரிவிக்க 24 மணி நேரமும் வழி வைத்திருக்க வேண்டும் என்றும் அதே சுற்றறிக்கை சொன்னது.

சரி, வாத்தியார் புகார் கொடுத்தது எத்தனை மணிக்கு? 11.14-க்கா, 11.23-க்கா?

"உங்க புகார் பதிவானது 11.23 ஸார். ரெண்டு தொகையும் அதுக்கு முன்னாடியே போயிடுச்சே" என்று பாங்க்கில் கையை விரித்துவிட்டார்கள்.

வாத்தியாரின் மகள் சென்னையில் ஒரு கால் சென்டரில் டீம் லீடர். பௌர்ணமிக்கு ஊருக்கு வந்தவள் விஷயத்தைக் கேட்டுவிட்டு அப்பாவிடம் சொன்னாள்: "அப்பா, நீங்க போன் போட்ட நேரம் உங்க செல்லுல இருக்கு. அவங்க மெஷின்லயும் இருக்கு. நீங்க எந்தப் பட்டனை எப்ப அமுத்துனீங்க, எப்ப க்யூவுல நின்னீங்க, எப்ப ஆள் எடுத்தாங்க... ஒவ்வொண்ணுக்கும் வினாடிக் கணக்கு இருக்கும். அதைக் கேட்டு லெட்டர் எழுதுங்க."

எழுதினார். செல்போனில் இருந்த நேரத்தைப் படம் எடுத்து இணைத்தார். 'என் அழைப்பின் முழு விவரத்தையும் உங்கள் ரிக்கார்டில் பாருங்கள்' என்று அழகான கையெழுத்தில், ஒரு பிழை இல்லாமல் எழுதினார். ஒன்றரை மாசம் கழித்து 24,500 ரூபாய் கணக்கில் திரும்பி வந்து விழுந்தது. 18,000 போனது போனதுதான்.

மெஷின் அவரை ஒன்பது நிமிஷம் காக்க வைத்தது. அதே மெஷின்தான் அந்த ஒன்பது நிமிஷத்துக்கும் சாட்சி சொன்னது.

டிரையல் பேலன்ஸ் டாலி ஆகிவிட்டதே!

இந்த ரிப்போர்ட் விஷயத்தில் எனக்கு ருசி தட்டியது அப்போதுதான். பி.காம். படித்தவனுக்குக் கணக்கைப் பார்த்தால் கை துறுதுறுக்கும் அல்லவா? அந்தப் பெண்ணிடமே கேட்டேன். "அண்ணா, எங்க தொழில்ல 80-க்கு 20-னு ஒரு மந்திரம் இருக்கு. நூறு காலில் எண்பதை 20 வினாடிக்குள்ள எடுத்துட்டா மேலிடத்துல சந்தோஷம்" என்றாள்.

எந்த நூறு? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒரு நாளைக்கு 1,000 பேர் கூப்பிடுகிறார்கள். 300 பேர் ஒன்று, இரண்டு என்று அழுத்திக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிடுகிறார்கள். மீதி 700 பேர் வரிசைக்கு வருகிறார்கள். அதில் 140 பேர் பாட்டுக் கேட்டு வெறுத்துப்போய்க் கட் பண்ணிவிடுகிறார்கள். 560 பேரிடம் ஆள் பேசுகிறார். அதில் 448 பேரை 20 வினாடிக்குள் எடுத்துவிட்டார்கள்.

பேசிய 560 பேரில் 448 என்றால், 80 சதவீதம். சபாஷ்! பார்ட்டி வைக்கலாம். வரிசைக்கு வந்த 700 பேரில் என்றால், 64 சதவீதம். பரவாயில்லை ரகம். கூப்பிட்ட 1,000 பேரில் என்றால், 44.8 சதவீதம். டெபாஸிட் காலி!

ஒரே நாள். ஒரே அழைப்புகள். மூன்று மார்க். மூன்றுமே பொய் இல்லை. அந்த 300 பேரில் இருப்புத் தொகையைக் கேட்டுவிட்டுத் திருப்தியாக வைத்தவர்களும் இருப்பார்கள். 'போங்கடா' என்று வைத்தவர்களும் இருப்பார்கள். இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டு 'மெஷினே முடித்துவைத்தது' என்று எழுதிவிட்டால் அது வெற்றிக் கணக்கு ஆகிவிடுகிறது.

முதல் வருஷ அக்கவுண்டன்ஸி வகுப்பில் ஒரு பாடம் உண்டு. டிரையல் பேலன்ஸ் டாலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று நினைத்துவிடாதே. ஒரு பில்லை நீ புத்தகத்தில் ஏற்றவே இல்லை என்றால், இரண்டு பக்கமும் அழகாக டாலி ஆகும். விட்டுப்போன பிழை கண்ணில் படாது. அந்த 440 பேரும் புத்தகத்தில் ஏறாத பில்கள்!

இன்னும் சில தில்லுமுல்லுகள் கேளுங்கள். உங்களை ஒருவர் இன்னொருவருக்கு ட்ரான்ஸ்ஃபர் செய்கிறார். சில இடங்களில் அந்த நிமிஷமே காத்திருப்புக் கடிகாரம் பூஜ்யத்துக்குப் போய்விடும். நீங்கள் நின்றது ஆறு நிமிஷம். ரிப்போர்ட்டில் இரண்டு, இரண்டு, இரண்டு! மூன்று பேர் மூன்று அழைப்பை 'முடித்துவிட்டார்கள்'. உங்கள் வேலை மட்டும் முடியவில்லை. நாளைக்குத் திரும்பக் கூப்பிட்டால் அது நாலாவது அழைப்பு. வேலை ஜாஸ்தி நடக்கிறது என்று ஒரு கிராஃப் மேலே ஏறும்.

பேசி முடித்ததும் என்ன விஷயமாகப் பேசினார்கள் என்று ஒரு கோட் போட வேண்டும். அவசரத்தில் எல்லாவற்றுக்கும் 'இதர' என்று போட்டுவிடுவார்கள். நம் கணக்குப்பிள்ளைகள் அந்தக் காலத்தில் புரியாததையெல்லாம் அனாமத்தில் எழுதி வைப்பார்களே, அதே வித்தைதான். அனாமத்து பெருத்துப்போன கடையும், 'இதர' பெருத்துப்போன கால் சென்டரும் சீக்கிரம் தள்ளாடும். எதற்காக ஜனங்கள் கூப்பிடுகிறார்கள் என்பதே தெரியாவிட்டால் எதைச் சரி செய்வது?

சராசரி இருக்கிறதே, அது எல்லாவற்றுக்கும் தாத்தா. சாத்தனூர் அணைக்குப் போய் 'தண்ணீர் சராசரியாக இடுப்பளவுதான்' என்ற கணக்கை நம்பி இறங்கிப் பாருங்கள்! சராசரிக் காத்திருப்பு 30 வினாடி என்றால், 95 பேரைச் சட்டென்று எடுத்துவிட்டு, 5 பேரை ஒன்பது நிமிஷம் நிறுத்தியிருக்கலாம். அந்த ஐந்தில் ஒருவர் வாத்தியாராக இருக்கலாம். நல்ல மானேஜர் சராசரியோடு நிற்க மாட்டார். இன்றைக்கு அதிகபட்சம் காத்திருந்தவர் யார், எவ்வளவு நேரம், எதற்காக என்று கேட்பார். அந்த ஒரு வரியைத் தினமும் பார்க்கிற ஆபீஸில் 'மோசடியா? ஒன்றை அழுத்தவும்' என்பது தானாகவே முதல் இடத்துக்கு வந்துவிடும்.

ஹெட்ஃபோன் மாட்டிய பிள்ளைகளைக் கோபித்துக்கொள்வதில் அர்த்தமில்லை. டீக்கு ஒரு கோட், சாப்பாட்டுக்கு ஒரு கோட், பாத்ரூமுக்கு ஒரு கோட் என்று அவர்களுடைய ஒவ்வொரு நிமிஷமும் ரிப்போர்ட்டில் ஏறுகிறது. 'மூன்று நிமிஷத்துக்கு மேல் பேசாதே' என்று உச்சந்தலையில் கத்தி தொங்கும்போது, அவர்கள் நம் கதையை முழுதும் கேட்பது எப்படி?

பட்டனே இல்லாத நம்பர்

எல்லா இடத்திலும் இப்படித்தானா? இல்லை. 108-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2008 செப்டம்பர் 15-ல் தமிழ்நாட்டில் ஆரம்பித்த இந்த ஆம்புலன்ஸ் சேவையில் 'மாரடைப்புக்கு ஒன்றை அழுத்தவும்' என்று யாரும் சொல்வதில்லை. நேராக ஆள்! எங்கே, என்ன ஆயிற்று, எத்தனை பேர்... கேட்டுக்கொண்டே பக்கத்தில் இருக்கும் வண்டியைத் தேடுகிறார்கள். வண்டியில் இருப்பவருக்கு டாக்டர் ஒருவர் போனிலேயே யோசனை சொல்வதற்கும் ஏற்பாடு இருக்கிறது.

ஆனால் அங்கேயும் நாம் உதவி செய்தால்தான் வழி கிடைக்கும். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமி ராத்திரியில் ஒருவர் மயங்கி விழுகிறார். "எங்கே இருக்கீங்க?" என்றால், "ரோட்டுலதாங்க!" என்று பதில் சொன்னால் சென்னையில் உட்கார்ந்திருப்பவர் என்ன செய்வார்? "வாயு லிங்கம் தாண்டி, குபேர லிங்கத்துக்குப் போற வழியில" என்று சொல்லிப் பாருங்கள். வண்டிக்காரருக்குச் சட்டென்று விளங்கிவிடும். நம் முன்னோர்கள் எட்டு திசைக்கும் எட்டு லிங்கம் வைத்தது சாமி கும்பிட. அது இன்று ஆம்புலன்ஸுக்கும் கைகாட்டி!

கரண்ட் போனால் கூப்பிட 'மின்னகம்' என்று 2021 ஜூன் 20-ல் சென்னையில் ஒரு மையம் திறந்தார்கள். மாநிலம் முழுவதற்கும் ஒரே நம்பர், 24 மணி நேரமும். சென்னையில் எடுக்கிற புகார், நம் ஊர் பிரிவு ஆபீஸுக்குப் போய்ச் சேர வேண்டும். ஆகவே இங்கே பாதி வேலை, போனை எடுப்பது. மீதிப் பாதி, எடுத்ததைச் சரியான லைன்மேனிடம் சேர்ப்பது. 'எவ்வளவு சீக்கிரம் போனை எடுத்தோம்' என்பது ஒரு ரிப்போர்ட். 'எவ்வளவு சீக்கிரம் லைட் எரிந்தது' என்பது இன்னொரு ரிப்போர்ட். வியர்வையோடு உட்கார்ந்திருப்பவருக்கு எந்த ரிப்போர்ட் முக்கியம் என்று சொல்லவும் வேண்டுமா?

செல்போன் கம்பெனிகளுக்கு டிராய் அமைப்பு கடிவாளம் போட்டிருக்கிறது. 2012-ல் வந்த விதிப்படி, முதலில் மொழி கேட்க வேண்டும். அடுத்து, புகாரா, சேவையா என்ற பெரிய பிரிவு. மூன்றாவது படியில் உட்பிரிவுகளோடு 'ஆளிடம் பேச' என்ற வழியும் இருக்க வேண்டும். புகாருக்கு நம்பர் கொடுத்தே ஆக வேண்டும். இது தெரிந்து வைத்திருப்பவரை மெஷின் அவ்வளவு லேசில் ஏமாற்ற முடியாது.

ஆக, நாம் செய்ய வேண்டியது...

ஒன்று: பணம் திருட்டுப் போனால் பாங்க்குக்குக் கூப்பிட்ட கையோடு 1930-க்கும் கூப்பிடுங்கள். அது இணையக் குற்றங்களுக்கான அரசாங்க நம்பர். திருடன் பணத்தை எடுப்பதற்குள் வழியிலேயே முடக்கப் பார்ப்பார்கள். ஒவ்வொரு நிமிஷமும் பணம்!

இரண்டு: பாங்க்கின் மோசடிப் புகார் நம்பரை இன்றைக்கே தேடி எடுத்து, காலண்டர் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். பொது நம்பருக்கும் அதற்கும் வித்தியாசம் உண்டு.

மூன்று: போன் போட்ட நேரம், ஆள் எடுத்த நேரம், பேசியவர் பெயர், புகார் நம்பர் நாலையும் ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். செல்போனில் இருக்கும் அழைப்பு விவரத்தை அழித்துவிடாதீர்கள். பற்று வரவுக்கு ரசீது எப்படியோ, புகாருக்கு இது அப்படி.

நான்கு: பாங்க்கில் எழுதிக் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையா, அல்லது பதில் திருப்தி இல்லையா? ரிஸர்வ் பாங்க்கின் குறைதீர்ப்புத் திட்டம் இருக்கிறது. காசு கேட்க மாட்டார்கள். சந்தேகம் கேட்க 14448.

ஐந்து: இது கால் சென்டர் நடத்துகிற பெரிய மனிதர்களுக்கு. மாசத்துக்கு ஒரு தடவை உங்கள் நம்பருக்கு நீங்களே போன் போடுங்கள். ஆபீஸ் ரூமில் இருந்து வேண்டாம். உச்சி வெயிலில், பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, தமிழைத் தேர்வு செய்து, 'என் பணம் போச்சு' என்ற பதற்றத்தோடு போடுங்கள். ஆயிரம் பக்க ரிப்போர்ட் சொல்லாததை அந்த ஒரு கால் சொல்லிவிடும்.

உங்கள் அழைப்பு அவர்களுக்கு எவ்வளவு முக்கியமானது என்பதும் அப்போது அவர்களுக்கே தெரிந்துவிடும்!